ஈ உட்கார்ந்த இடம்

எனக்கு நன்றாகத் தைக்க வரும் என்று யாரும் சொன்னதில்லை. நானே சொல்லிக்கொண்டதுதான். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் சாக்கு கிழிந்தால் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் என்னிடம்தான் வருவார்கள். அந்தத் தலைக்கனத்தில்தான் மாட்டின் தோலையும் தைக்கத் துணிந்தேன்.

திம்புள்ளப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்போது கவ்வாத்து முடிந்திருந்தது. வெட்டிவிட்ட தேயிலைச் செடிகள் கூர்கூராக நின்றன. மேய்ந்துகொண்டிருந்த எங்கள் சிவலைப் பசு மழையில் சறுக்கி அவற்றின் மேல் விழுந்துவிட்டது. விலாவில் தோல் முக்கோணமாகக் கிழிந்து மடங்கித் தொங்கியது. ஏழு மாதச் சினை வேறு.

என் வீட்டுக்காரர் பார்த்த கையோடு டவுனுக்குப் போய் வந்தார்.

"கறிக்கடக்காரர்கிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம வருவாரு."

"வயித்துல உள்ளதையும் சேத்தா சொன்னீங்க?"

"அழுகிப்போனா ரெண்டும்தான் போயிரும் புள்ள. எனக்கு மட்டும் ஆசையா?"

அன்று திங்கள். சாக்கு ஊசியைக் கொதிக்கவைத்து, நூலை நாலாக முறுக்கி, சாக்கைத் தைப்பதுபோல ஓரத்தோடு ஓரமாக ஒரே ஓட்டமாகத் தைத்து முடித்தேன். பெருமையாகத்தான் இருந்தது. விடிந்து பார்த்தால் நூல் அப்படியே இருக்கிறது, தோல் பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்த பிறகுதான் தோலை ஒழுங்காகப் பார்த்தேன். மேலே மயிரோடு ஒரு மெல்லிய படை. அதன் கீழே வெள்ளையாக, கெட்டியாக இன்னொன்று. அதற்கும் அடியில் நூலாம்படை மாதிரி ஒரு சவ்வு. அதன் மேல்தான் தோல் முழுவதும் வழுக்கி நகர்ந்தது. நான் மேல்படையின் ஓரத்தை மட்டும் பிடித்துத் தைத்திருக்கிறேன். அதுவும் முதுகுப் பக்கமாக இழுத்து. முதுகுத் தோல் ஒரு விரற்கடைகூட இளகாது. வயிற்றுத் தோலைக் கையால் தள்ளிப் பார்த்தேன், தாராளமாக வந்தது.

இந்தத் தடவை வயிற்றுப் பக்கத்திலிருந்து தோலைக் கொண்டுவந்தேன். ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி, வெள்ளைப் படையையும் சேர்த்துக் குத்தி, ஒவ்வொரு தையலையும் தனித்தனியே முடிச்சுப் போட்டேன். ஒன்று போனாலும் மற்றது நிற்குமே. சீழ் வடிய அடியில் கொஞ்சம் இடம் விட்டேன். வீட்டுக்காரர் கொம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

தையல் நின்றது. ஆனால் தைத்த தோல் வீங்கி, தொட்டால் சில்லென்று இருந்தது. ஈ உட்கார்ந்தால் மாட்டுத் தோல் அந்த இடத்தில் மட்டும் சிலிர்க்குமே, அந்தச் சிலிர்ப்பு தையல் வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

"அந்தத் தோலு செத்துருச்சு," என்றார் வீட்டுக்காரர்.

வெந்நீர் ஒத்தடம் கொடுத்து மஞ்சள் வைத்தேன். கூடவே ஒரு திருட்டு வேலையும் செய்தேன். தோல் சிலிர்க்காதது அவர் கண்ணில் படக்கூடாதென்று, வேலை விட்டு வந்த நேரமெல்லாம் அங்கே ஒரு ஈயைக்கூட உட்காரவிடாமல் விரட்டினேன். அவருக்காகவா விரட்டினேன்? பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

ஞாயிறு காலை கறிக்கடைக்காரர் கயிறோடு வந்துவிட்டார். வீட்டுக்காரர் தொழுவத்தில் கட்டை அவிழ்க்கக் குனிந்தார். தையலுக்குக் கீழே, அந்த முக்கோணத்தில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. பழக்கத்தில் கையை ஓங்கிவிட்டேன். பிறகு, வருவது வரட்டும் என்று இறக்கினேன்.

தோல் சிலிர்த்தது. லேசாகத்தான். ஈ பறந்துபோய் மறுபடியும் அங்கேயே உட்கார்ந்தது. மறுபடியும் சிலிர்த்தது.

வீட்டுக்காரர் முடிச்சிலிருந்து கையை எடுத்தார். வெளியே போய், "அண்ணே, வீணா அலைய வச்சிட்டேன், கோவிச்சுக்காதீங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. கன்னு போட்டதும் சீம்பால் கொண்டாந்து தாறேன்," என்றார்.

சொன்னபடியே இரண்டு மாதம் கழித்துச் செம்பை எடுத்துக்கொண்டு டவுனுக்கு நடந்தார்.