இழுப்பறையில் இரண்டு பேட்ஜ்

அரசு மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் இருபத்து நான்கு வருடங்களாக வேலை பார்த்தவளுக்கு, பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது வருகைப் பதிவேட்டோடு சரி. நாள் முழுக்க "மூச்சை இழுங்க, பிடிங்க, இப்ப விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்ததால், தரை துடைப்பவர் முதல் தலைமை மருத்துவர் வரை எல்லோருக்கும் அவள் மூச்சக்கா. தூக்கத்தில்கூட அதைச் சொல்லித் தன்னைத் திணறடிப்பதாக வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அறை கட்டடத்தின் பின்பக்கம், சலவைக்கூடத்தை ஒட்டி இருந்தது. கதிர் வெளியே கசியாமல் இருக்கக் கதவுக்குள் ஈயத் தகடு வைத்திருப்பார்கள். கனம் தாங்காமல் கீல் தொய்ந்து, ஏழெட்டு வருடமாக அந்தக் கதவு முழுசாக மூடுவதில்லை. இரண்டு விரல் இடைவெளி எப்போதும் உண்டு. பழுது பார்க்கச் சொல்லி அவள் எழுதிய கடிதங்களை எல்லாம் சேர்த்துச் சொருகியிருந்தால் அந்த இடைவெளி அடைந்திருக்கும். கடைசியில் கட்டுத்துணியை முறுக்கிக் கைப்பிடியையும் நிலைக்கொக்கியையும் சேர்த்துக் கட்டிவைத்தாள். கதிர் படாமல் இருக்க உடம்பில் மாட்டும் ஈய ஏப்ரன் ஒன்றே ஒன்று இருந்தது. மடிக்கக் கூடாத அதை யாரோ புண்ணியவான் மடித்துவைத்து, மடிப்பெல்லாம் விரிசல். அதையும் பிள்ளையைத் தூக்கி வரும் தாய்க்குக் கொடுத்துவிடுவார்கள்.

அந்த அறையில் வேலை பார்ப்பவர்கள் சட்டையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பேட்ஜைக் குத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. உடம்பில் எவ்வளவு கதிர் விழுந்தது என்று அது பதிந்துவைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பினால், அளவு எழுதிய தாள் ஒன்று திரும்பி வரும்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம் அவளுடைய அளவு எல்லையைத் தாண்டி வந்தது. தாண்டாமல் என்ன செய்யும்? உதைக்கிற பிள்ளைகளைப் பிடிக்க ஆள் கிடையாது. கூட வந்தவர்களில் யாரையாவது பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு, இவளே போய்ப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தாள் வந்த மறுநாளே அவளை அறையைவிட்டு வெளியே அனுப்பினார்கள். ஏழு மாதம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பிறப்புச் சான்றிதழ் எழுதினாள். மாற்று ஆள் வரவில்லை. கை கால் ஒடிந்தவர்கள் எல்லாம் அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது. "உன் ஒருத்தியால பாரு" என்றார் அப்போதைய தலைமை மருத்துவர், அவள் ஏதோ திருடிவிட்ட மாதிரி. இன்னொரு தரம் இப்படி வந்தால் வெளியூருக்கு மாற்றிவிடுவோம் என்று காதில் போட்டுவைத்தார்கள். மகள் அப்போது மூன்றாம் வகுப்பு.

திரும்பி வந்த அன்று அவள் பேட்ஜைக் கழற்றி, சுவருக்கு வெளியே இருந்த மேசையின் இழுப்பறையில், ஃபிலிம் உறைகளுக்கு அடியில் வைத்தாள். அடுத்த தாள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி வந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அளவு நன்றாக இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒருவழியாக ஓர் உதவியாளனைப் போட்டார்கள். ஆள் வாட்டசாட்டம். முறம் மாதிரி கை. துள்ளுகிற பிள்ளையையும், நிற்க முடியாத கிழவரையும், குடித்துவிட்டு வண்டியோடு விழுந்தவனையும் அசையாமல் பிடித்துக்கொள்வது அவன் வேலை. ஊழியர்கள் நோயாளியைப் பிடிக்கக் கூடாது என்று விதிப் புத்தகத்தில் இருக்கிறது. அதை எழுதியவர்கள் இரண்டு வயதுப் பிள்ளையை எக்ஸ்ரேவுக்கு நிறுத்திப் பார்த்தவர்கள் இல்லை. மருத்துவமனை அவனுக்குப் பிடிகாரன் என்று பெயர் வைத்தது. மூச்சக்கா கண்ணாடிக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்துவாள். கதிர் விழும் இடத்தில் அவன் நிற்பான்.

முதல் நாள் அவன் பேட்ஜை நெஞ்சில் குத்திக்கொண்டு, வகுப்புத் தலைவன் மாதிரி விறைப்பாக வந்தான். மூச்சக்காதான் அதைத் தன் கையால் கழற்றினாள்.

"இது மேசைக்குள்ள கிடக்கட்டும் தம்பி. இது நல்லா இருந்தாத்தான் நாம நல்லா இருப்போம்."

அவன் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "சரிக்கா" என்றான். அன்றிலிருந்து இழுப்பறையில் இரண்டு பேட்ஜ். அந்த மருத்துவமனையிலேயே ஒரு குறையும் இல்லாமல் ஆரோக்கியமாக இருந்தவை அவை இரண்டும்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள் எடுத்து, துடைத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

போன வருடம் அவன் முன்னங்கையில் கன்றிப்போன தடம் ஒன்றைக் காட்டி, வீட்டில் அடி விழுகிறது என்று சிரித்தான். அடுத்த மாதம் பல் துலக்கினால் ஈறில் ரத்தம் நிற்கவில்லை. பிறகு ரத்தப் பரிசோதனை, இன்னொரு பரிசோதனை. ரத்தப் புற்றுநோய் என்று மாடியில் இருந்த மருத்துவர் இறங்கி வந்து மூச்சக்காவிடம் சொன்னபோது மணி பதினொன்று. அதற்குப் பிறகும் அவள் முப்பத்தொரு படம் எடுத்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், சாப்பிட்டாள், கழுவினாள். மரத்துப்போன காலை உதறிப் பார்ப்பதுபோல் அவ்வப்போது மனசை உதறிப் பார்த்தாள். ஒன்றும் உறைக்கவில்லை. வாரங்கள் போயும் அப்படியேதான் இருந்தது.

எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும் என்றார்கள். அந்தச் சிகிச்சை பெரிய மருத்துவமனையில்தான் உண்டு. வேலையால் வந்த நோய் என்று அரசின் மருத்துவ வாரியம் எழுதிக் கொடுத்தால் அரசு ஊழியருக்கு உடனே படுக்கை கிடைக்கும். இல்லையென்றால் பொது வரிசையில் காத்திருக்க வேண்டும். அவ்வளவு நாள் அவனிடம் இல்லை என்பதை மருத்துவர் பூசி மெழுகாமலே சொல்லிவிட்டார். விண்ணப்பம் போனது. பன்னிரண்டு வருடத் தாள்களை வாரியம் புரட்டிப் பார்த்தது. ஒவ்வொன்றிலும் அளவு அப்பழுக்கில்லாமல் இருந்தது. வேலைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அரசு ஊழியர்களின் பணியிடப் பாதுகாப்புக்கென்று அந்தச் சமயத்தில்தான் புதிதாக ஒரு பிரிவைத் தொடங்கியிருந்தார்கள். அதிலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்தாள். அறைக்கு வெளியே நின்று, ஒரு படம் எடுக்கச் சொல்லி, கதவிடுக்கில் கையடக்கக் கருவி ஒன்றை நீட்டினாள். அது படபடவென்று அடித்துக்கொண்டது. கதவுக்கு எதிரே கிடந்த பெஞ்சில்தான் நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரையும் எழுப்பி மரத்தடிக்கு அனுப்பிவிட்டு, அவள் மூச்சக்காவிடம் வந்தாள்.

"கதவு இப்படிக் கசியுது. பேட்ஜ் என்னடான்னா இத்தனை வருஷமா ஒண்ணுமே இல்லைங்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுதும்மா. என் கருவி போன மாசம்தான் சரிபார்த்தது."

மூச்சக்கா கதவின் கட்டுத்துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். அதிகாரியம்மா துருவவில்லை. பிடிகாரனின் கோப்பு நகலை மேசைமேல் வைத்து, மேல்முறையீட்டுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாம் பக்கத்தில் அவனுடைய வாக்குமூலம் இருந்தது. 'வேலை நேரம் முழுவதும் பேட்ஜ் அணிந்திருந்தேன். இதில் வேறு யாருக்கும் சம்பந்தம் இல்லை.' வேறு யாருக்காவது சம்பந்தம் உண்டா என்று யாருமே கேட்கவில்லை. அவனாகவே சொல்லியிருக்கிறான். ஒழுங்காகப் பொய் சொல்லக்கூடத் தெரியாதவன். யாரைக் காப்பாற்றுகிறோம் என்பதைப் பொய்யிலேயே காட்டிக் கொடுத்திருந்தான்.

வீட்டில் சொன்னாள். வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருக்கிறது, நீ சொல்வதால் அவன் நோய் வந்த வழியே போய்விடுமா என்று நயமாகத்தான் கேட்டார். போகாதுதான். அவள் துவைத்த துணிகளை மடித்து அடுக்கினாள். அவர் சொன்னதில் தப்பு எதுவும் தட்டுப்படவில்லை. மறுநாள் காலை விடுப்பு சொல்லிவிட்டு அதிகாரியம்மாவின் அலுவலகத்துக்குப் போனாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாய்வார்த்தை மட்டும் வாரியத்திடம் எடுபடாது, அளவு வேண்டும் என்றாள் அதிகாரியம்மா. உடனுக்குடன் அளவு காட்டும் கருவி ஒன்றைக் கொடுத்து அனுப்பினாள். அவன் நிற்கும் இடத்தில் ஐந்து நாள் அது இருக்க வேண்டும். மூச்சக்கா ஒரு சலைன் ஸ்டாண்டைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தி, அவன் நெஞ்சு உயரத்தில் கருவியை மாட்டினாள். உயரத்தை அளக்கத் தேவைப்படவில்லை. ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் அது கீச்சென்று கத்தியது. ஐந்து நாளும் கத்தியது. பன்னிரண்டு வருடமும் அந்தச் சத்தம் அங்கேதான் இருந்திருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, அதுவும் யாருக்கோ நடந்ததுபோலத்தான் இருந்தது.

பிறகு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினாள். பேட்ஜை இழுப்பறையில் வைக்கும் வழக்கத்தைத் தொடங்கியது தான் என்றும், அவனை வைக்கச் சொன்னதும் தான்தான் என்றும், தனக்கு யாரும் அப்படி உத்தரவிடவில்லை என்றும் எழுதியிருந்தாள். கடைசி வரியை எடுத்துவிடலாமே என்றாள் அதிகாரியம்மா. அது இருந்தால் பழி மொத்தமும் உங்கள் தலையில்தான் விடியும் என்றாள். யாரும் உத்தரவிடவில்லைதானே என்று மூச்சக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

கடிதம் கொடுத்த பத்தொன்பதாம் நாள் உத்தரவு வந்தது. எல்லாம் ஒரே தாளில். நோய் வேலையால் வந்தது. பெரிய மருத்துவமனையில் படுக்கை தயார். எக்ஸ்ரே அறைக் கதவை உடனே மாற்ற வேண்டும். பேட்ஜ் சட்டையில் இருக்கிறதா என்று இனி மாதாமாதம் நேரில் வந்து பார்ப்பார்கள். மூச்சக்கா விசாரணை முடியும்வரை பணியிடை நீக்கம். புதிய கதவை நான்கு பேர் திட்டிக்கொண்டே தூக்கி வந்தார்கள். அன்றே மாற்று ஆளும் வந்து சேர்ந்தார். இருபத்து நான்கு வருடமாக உலகத்திலேயே இல்லாத ஆள் ஒரே நாளில் கிடைத்துவிட்டார். அவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அவள் மாடிக்குப் போனாள்.

பிடிகாரன் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தான். கை மட்டும் பெரிதாக இருந்தது, மற்றதெல்லாம் கரைந்திருந்தது. "ஏன்க்கா எழுதினீங்க?" என்றான். கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவன் மனைவி தையல் வேலை செய்பவள். பையில் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள், உத்தரவுத் தாளை வாங்கிக்கொண்டு நடைபாதைக்கு வந்தாள். எழுத்துக் கூட்டி, மெதுவாக, முழுசாகப் படித்தாள்.

"இந்தப் பேட்ஜைப் போட்டிருந்தா அவருக்கு வந்திருக்காதாக்கா?"

"அது தடுக்காதும்மா. அளக்க மட்டும்தான் செய்யும்."

அது உண்மை. மனைவி தலையாட்டினாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. தாளை நான்காக மடித்தாள். மூச்சக்கா அதோடு விட்டிருக்கலாம். யாரும் ஒரு குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"ஆனா போட்டிருந்தா, முதல் தாள்லயே அளவு ஏறியிருக்கும். அவனை அந்த ரூமை விட்டே வெளியே அனுப்பியிருப்பாங்க, என்னை அனுப்பின மாதிரி. எங்கேயாவது ஜன்னல்ல உட்கார்ந்து சர்டிஃபிகேட் எழுதிக்கிட்டு இருந்திருப்பான்."

மடித்த தாள் மனைவியின் கையில் அப்படியே நின்றது. ஸ்ட்ரெச்சர் ஒன்று வந்தது. இருவரும் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள். அது போன பிறகு அவள் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"பன்னெண்டு வருஷத்துல ஒரு நாள்கூட உங்களுக்குத் தோணலையாக்கா, அவரைப் போட்டுக்கச் சொல்லணும்னு?"

"தோணுச்சும்மா" என்றாள் மூச்சக்கா.

சொன்ன பிறகுதான் வலித்தது. ஆள் போக வர இருந்த அந்த நடைபாதையில், சுவரைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். அதைப் பார்க்க அவன் மனைவி அங்கே நிற்கவில்லை.