வினிகர் குடித்த கதை

1998-ல் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் குடித்தனம் வைத்த புதிது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, வேலைக்குப் போக விசாவும் இல்லை. பேச்சுத் துணைக்கு இருந்தது கணவர் ஒருவர்தான். அவரோ வீட்டுக்கு வந்தால் "ம்", "சரி"க்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்.

ஆனால் ஆபீஸில் கூட வேலை செய்யும் ஹாங்காங்காரி ஃபோன் செய்தால் போதும், எங்கிருந்துதான் வருமோ அந்தச் சிரிப்பு! அவளிடம் அவர்கள் ஊர் பாஷையான கான்டனீஸின் பேச்சுவழக்கு கற்றுக்கொள்கிறாராம். வெட்டி அரட்டை அடித்தால் 'தண்ணீர் ஊதுவது', வேலை போனால் 'கணவாய் மீன் வறுப்பது'. "சூப்பரா இருக்குல்ல?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னோடு தமிழில் நாலு வார்த்தை பேச முடியவில்லை, இதற்கு மட்டும் நேரம் இருக்கிறதா?

ஒரு சனிக்கிழமை டீமையே சாப்பிடக் கூப்பிட்டார். அவளும் வந்தாள், கொழுக்கட்டை மாதிரி டம்ப்ளிங்ஸ் செய்து எடுத்துக்கொண்டு. அழகாக வேறு இருந்து தொலைத்தாள். மற்றவர்களுக்குச் சிரித்துச் சிரித்துப் பரிமாறிய நான், அவள் தட்டில் மட்டும் கரண்டியை டங்கென்று வைத்தேன். அதைப் பார்த்த இன்னொரு ஹாங்காங்காரர் கணவரிடம் "ஹாப் ச்சோ" என்று கிசுகிசுத்தார். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, வினிகர் குடிக்கிறதுன்னு அர்த்தம்" என்று கணவர் நழுவப் பார்த்தார்.

டம்ப்ளிங்ஸுக்குத் தொட்டுக்கொள்ளக் கேட்கிறார்கள் போல என்று நினைத்தேன். எனக்கும் அவர்கள் பாஷை வரும் என்று காட்ட வேண்டாமா? வினிகர் பாட்டிலைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து, "மீ டூ! ஹாப் ச்சோ!" என்று சத்தமாகச் சொன்னேன்.

எல்லோரும் ஒரே சிரிப்பு. கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மட்டும் சிரிக்காமல், என் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். அவர்கள் பேச்சில் வினிகர் குடிப்பது என்றால், புருஷனை இன்னொருத்தியோடு பார்த்துப் பொறாமைப்படுவதாம்! எனக்கு மானமே போய்விட்டது. எங்கள் பாஷையில் வயிறு எரிகிறது என்போம் என்று தெரிந்த இங்கிலீஷில் திக்கித் திணறிச் சொன்னேன். வினிகர் குடித்தால் எரியாமல் என்ன செய்யும் என்றாள். இருவரும் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் ஃபோன் எனக்குத்தான் வந்தது. ஆசை தீரத் தண்ணீர் ஊதினோம். "அப்படி என்னதான் பேசறீங்க ரெண்டு பேரும்?" என்று கணவர் சுற்றிச் சுற்றி வருவார். நான் வினிகர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்துவேன்.

இன்றைக்கும் யாரைப் பார்த்தாவது வயிறு எரிந்தால் உள்ளே வைத்துப் புழுங்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று அர்த்தம் தெரியாமல் உண்மையை உளறியதால்தானே அந்த ஊரில் எனக்கென்று ஒருத்தி கிடைத்தாள்.