நிலத்தைக் கேட்ட பிள்ளையும் யோகமக்காவும்

கடந்த செவ்வாய்க்கிழமை, காலைப் படகோடு செய்தியும் அனலைதீவுக்கு வந்தது. "மிட்வைவ் அக்கா நாரந்தனையிலை மோசம் போட்டாவாம்" என்று படகுக்காரர் சொன்னதாக என் கணவர் துறையிலிருந்து ஓடிவந்து சொன்னார். எங்கள் மருத்துவிச்சி யோகமக்கா இறந்துவிட்டார் என்று கேட்டபோது நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். மற்றப் பாதி அன்று திருவப்படவேயில்லை.

இந்தத் தீவின் பிள்ளைகளில் பாதிப் பேர் யோகமக்காவின் கையில் பிறந்தவர்கள். உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஆனாலும் என் மகன் சேந்தனின் கதையை முழுதாக அறிந்தவர்கள் அவரும் நானும்தான். இனி நான் மட்டுமே என்பதால் சொல்லிவிடுகிறேன்.

சேந்தன் என் வயிற்றில் மூன்று மாதம். உடம்பெல்லாம் சிவப்புப் பொட்டுகள் எழும்பின. காதுக்குப் பின்னால் நெறி கட்டியது. "அம்மாள் வந்திருக்கிறா" என்றார் மாமியார். வாசலில் வேப்பிலை செருகினோம். அம்மாள் வந்த வீட்டில் அதை நோய், வருத்தம் என்று வாயால் சொல்லக்கூடாது. மூன்றே நாளில் எல்லாம் இறங்கிவிட்டது. அடுத்த கிளினிக்கில் யோகமக்கா, "காய்ச்சல், பொட்டு ஏதும் வந்ததோ தங்கச்சி?" என்று கேட்டார். "ஒண்டும் வரேல்லை அக்கா" என்றேன். அதைப் பொய் என்றே நான் நினைக்கவில்லை, பக்தி என்றுதான் நினைத்தேன்.

சேந்தன் நிறை குறைந்து பிறந்தான். ஆனாலும் கெட்டிக்காரன் என்று எங்களுக்குப் பெருமை. கோயிலில் தவில் அடித்தால் சிரிப்பான், உலக்கை விழுந்தால் திரும்புவான். ஏழு மாதமாகியும் மழலை வரவில்லை என்பதைக் கவனித்தவர் யோகமக்கா ஒருவர்தான். "இவனுக்குக் காது கேக்குதோ எண்டு பாக்கவேணும்" என்றார்.

என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன கதை கதைக்கிறியள் அக்கா? இப்ப பாருங்கோ!" என்று, பாயில் கிடந்த பிள்ளையின் பின்னால் உலக்கையைச் சீமெந்து நிலத்தில் போட்டார். சேந்தன் உடனே திரும்பினான்.

யோகமக்கா பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். "இப்ப போடுங்கோ தம்பி."

என் கணவர் மூன்று தரம் போட்டார். முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின. பிள்ளை யோகமக்காவின் சங்கிலியோடு விளையாடிக்கொண்டிருந்தான்.

"இவன் கேட்டது நிலத்தை. காதாலை இல்லை தம்பி, முதுகாலை" என்றார் அவர். வீட்டில் ஆறு பேர் ஏழு மாதமாகக் கூடவே இருந்தும் காணாததை அவர் ஒரு நொடியில் கண்டார். அதை நினைக்க இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

அன்று கிணற்றடியில் வைத்து வேப்பிலைக் கதையை அவரிடம் சொல்லி அழுதேன். அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். "அது ருபெல்லா எண்டுற ஜேர்மன் சின்னமுத்தாய் இருந்திருக்கும். வயித்துப் பிள்ளையின்ரை காது, கண், இருதயம் எல்லாத்தையும் தொடுற வருத்தம்" என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். "நீர் சொல்லியிருந்தாலும் என்னாலை அதை நிப்பாட்டியிருக்க ஏலாது. ஆனா பிறந்த அண்டைக்கே இவனோடை கதைக்கத் தொடங்கியிருப்பம். போனது போகட்டும். இண்டைக்குத் தொடங்குவம்."

கண்ணையும் இருதயத்தையும் காட்ட, படகிலும் பஸ்ஸிலும் யாழ்ப்பாணம்வரை அவரே கூட வந்தார். இரண்டும் தப்பியிருந்தன. காது கேளாது என்பதை டாக்டரும் உறுதிசெய்தார். அதன்பின் கிழமைக்கு ஒருநாள் யோகமக்கா எங்கள் வீட்டில் இருப்பார். படகு ஓடாமல் நாரந்தனையிலுள்ள தன் வீட்டுக்குப் போகமுடியாத கிழமைகளில் இரண்டு தரம் வருவார். நிலத்தில் இரண்டு தரம் காலால் தட்டி அவனைக் கூப்பிடுவார். அவன் திரும்பியதும் அவன் உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு பேசுவார். "முகத்தைக் காட்டாமல் இவனோடை ஒரு சொல்லும் கதையாதையும்" என்று என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பார்!

மூன்று வயது நெருங்கும்போது அவன் "அம்மா" என்றான். என்னையல்ல, யோகமக்காவை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. "கோவியாதையும். என்னட்டைப் பழகிப் பாக்கிறான், திருத்தமாய் உம்மட்டைச் சொல்லுவான்" என்று சிரித்தார். சொன்னபடியே இரண்டு கிழமையில் சொன்னான்.

இப்போது அவனுக்கு ஐந்து வயது. செவ்வாய்க்கிழமை நான் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்து அழுதேன். யோகமக்கா போனதை அவனுக்கு எப்படிச் சொல்வது? சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்போது என் காலடியில் நிலம் அதிர்ந்தது. ஒரு தரம், பிறகு இன்னொரு தரம். சேந்தன்தான் காலால் தட்டி என்னைக் கூப்பிட்டான்.

நான் திரும்பினேன். அவன் கிட்ட வந்து தன் உள்ளங்கையை என் தொண்டையில் வைத்து, என் வாயைப் பார்த்தபடி காத்திருந்தான்.

யோகமக்காவிடமிருந்து நான் எடுத்துவைத்திருப்பது, முகத்தைக் காட்டிப் பேசுவது என்ற இந்த ஒன்றுதான். முன்பொரு நாள் அவரிடமே ஒன்றை மறைத்த நான், இந்தச் செவ்வாய்க்கிழமை முகத்தை மறைக்கவில்லை. என் மகனைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, "யோகமக்கா செத்துப்போனா" என்று சொன்னேன்.