பாவு தப்பியது, ஆகவே நஷ்டமில்லை

போன வாரம் எங்கள் தெருவுக்கு ஓர் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்திருந்தார். கையில் டேப்லெட், கழுத்தில் ஐடி கார்டு, முகத்தில் மாஸ்க். வாயு கசிந்து மூன்று வாரம் ஆகிறது. அவருக்கு மட்டும் இன்னும் நெடி அடித்தது போலிருக்கிறது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கு உண்டு. ஐஸ்க்ரீம், இறால், பச்சைப் பட்டாணி... சென்னைக்குப் போவதெல்லாம் அங்கேதான் தூங்கும். ஒரு நாள் காலை அங்கே அம்மோனியா குழாய் வெடித்தது. சைரன் அலறியது. மூக்கில் மிளகாய்ப் பொடியை அடைத்த மாதிரி இருந்தது.

மற்ற ஊர் ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஓடுவார்கள். எங்கள் தெருவும் ஓடியது — பாவை நோக்கி.

பக்கத்து வீட்டு நெசவாளர் கன்னியப்பனின் பாவு அன்று தெருவில் நீட்டியிருந்தது. சேலைக்கு நீளவாக்கில் ஓடும் ஆயிரக்கணக்கான பட்டு இழைகள். இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். தூறல் விழுந்தால் போதும், பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்காரர்கள்கூட ஓடிவந்து சுருட்டுவார்கள். கால் அப்படிப் பழகிவிட்டது. மழைக்கும் அம்மோனியாவுக்கும் வித்தியாசம் காலுக்கு எப்படித் தெரியும்?

கண்ணில் நீர் வழிய எட்டுப் பேர் சுருட்டினோம். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். கடைசிவரை நின்றவர் கன்னியப்பன். அன்று மாலையே அவருக்கு மூச்சு இழுத்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. நுரையீரல் வெந்துபோயிருக்கிறது என்றார் டாக்டர். இப்போது தறியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால், அரை மணி நேரம் இருமுகிறார். அந்தத் தறியை விட்டால் அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது.

சர்வேயரின் லிஸ்ட்டை எட்டிப் பார்த்தேன். வெனிலா இத்தனை பெட்டி, பட்டர்ஸ்காட்ச் இத்தனை பெட்டி. உருகிய ஐஸ்க்ரீமுக்கு ஃப்ளேவர் வாரியாக விலை. ஓடாமல் நின்ற மெஷினுக்கு மணிக்கணக்கில் நஷ்டம். மொத்தம் கோடிகளில். நியாயம்தானே... பட்டர்ஸ்காட்ச்சுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"உங்க பக்கம் என்ன டேமேஜ் சார்?" என்றார்.

இங்கேதான் நான் வாயை விட்டேன். "பாவை பத்திரமா எடுத்துட்டோம் சார். ஒரு இழைகூட அறுந்துபோகல."

பெருமை வேறு. கன்னியப்பனும் இருமிக்கொண்டே அவரைத் தறிக்கு அழைத்துப்போனார். "பாத்துக்கோ சார், அப்படியே இருக்குது."

சர்வேயர் மலர்ந்துபோனார். டேப்லெட்டில் தட்டினார். சரக்கு — இல்லை. கட்டடம் — இல்லை.

கன்னியப்பனின் மனைவி சரோஜா குறுக்கே வந்தார். "இவரு மூச்சு வாங்கிக்கினு இருக்காரே, அத எதுல எழுதுவீங்க?"

"இந்த ஃபார்ம்ல அதுக்கு கட்டம் இல்லம்மா. சைரன் அடிச்சதும் ஓடியிருக்கணும். அவரா நின்னா கம்பெனி என்ன பண்ணும்?"

"ஓடியிருந்தா?"

"பாவு கெட்டுப் போயிருக்கும். அதுக்கு ஃபுல் அமௌன்ட் கிடைச்சிருக்கும்."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. 'விபத்தில் இத்தனை கோடி சேதம்' என்று பேப்பரில் படிக்கிறோமே, அந்தக் கோடிக்குள் நுழைய ஒரு விலைச்சீட்டு வேண்டுமாம். கன்னியப்பன் அது இல்லாமல் பிறந்து தொலைத்துவிட்டார். எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டு கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறோம். ரசீது கிடைத்தது, அதுவரைக்கும் சந்தோஷம்.

நேற்று காலை திடீரென்று தூறல். தெருவில் எதிர்வீட்டுப் பாவு. முதலில் ஓடியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? கன்னியப்பனேதான். நாலே அடி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். பாவுக்கு ஓடிவந்த அத்தனை பேரும் அவரிடம் ஓடினோம். தூக்கி, உள்ளே படுக்கவைத்து, மூச்சு சீரானதும் வெளியே வந்து பார்த்தால் பாவு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

அப்பாடா, ஃபார்மில் எழுத எங்கள் தெருவுக்கும் ஒரு நஷ்டம் கிடைத்துவிட்டது.