திரும்பி வந்த தண்ணீர் பாட்டில்

எங்கள் அம்மாவின் தலைவலிக்குத் தெருவே வைத்தியம் பார்த்தது. பக்கத்து வீட்டு அத்தை கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். அப்பா மெடிக்கலில் மாத்திரை வாங்கி வருவார். என் பங்குக்கு நான் கோவிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து நெற்றியில் அப்பினேன். வலி எதற்கும் மசியவில்லை. சாயங்காலம், வேலை பார்க்கிற விசைத்தறி செட்டிலிருந்து வந்து, தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அம்மா படுத்தால் வீட்டில் டிவி கிடையாது, பேச்சு கிடையாது. எனக்கு அப்போது பதினோரு வயது. அந்தத் தலைவலியை நான் மனதார வெறுத்தேன்.

மாமா, அம்மாவின் தம்பி, கழுத்தைத் திருப்பிச் சொடக்கெடுக்கும் வீடியோக்களைச் செல்போனில் பார்த்துப் பார்த்துப் பாதி டாக்டர் ஆகியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்தே விட்டார். அம்மா தட்டிவிட்டாள்.

“ஏலே, என் கழுத்து என்ன சோடா மூடியா? போய் வேலையப் பாருல.”

மாமா விடுகிற ஆள் இல்லை. முறைப்படி படித்தவரிடமே காட்டுவோம் என்று, தென்காசியில் கைரோபிராக்டிக் என்று கழுத்து, முதுகெலும்பை நீவிச் சரிசெய்கிற வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் எங்களை பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார்.

சொடக்குச் சத்தம் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு போன எனக்கு ஏமாற்றம்தான். டாக்டரம்மா கேள்வி கேட்டே அரை மணி நேரம் ஓட்டினார். வலி எங்கே தொடங்குகிறது, கண் மங்குகிறதா, கை மரத்துப்போகிறதா என்று என்னென்னவோ கேட்டார். அப்புறம்தான் பிடரியை விரலால் மெல்ல நீவினார். நாள் முழுக்கக் குனிந்து அறுந்த இழையை முடிந்து முடிந்து கழுத்துத் தசை இறுகிக் கிடக்கிறது, அந்த வலிதான் தலைக்கு ஏறுகிறது என்றார். அடிக்கடி நிமிர்ந்து தோளைச் சுழற்ற வேண்டுமாம், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்க வேண்டுமாம். தண்ணீர் எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டதற்கு, நிறைய என்றாள் அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. “பொய். காலைல கொண்டுபோற பாட்டில் அப்படியே திரும்பி வரும்” என்று போட்டு உடைத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் சிவந்திருந்தது. நீங்கள் தண்ணீர் குடிக்காவிட்டால் நான் நீவிவிட்டு மட்டும் என்ன பிரயோசனம் என்றார் டாக்டரம்மா.

மறுநாளும் பாட்டில் நிறைந்தே வந்தது. கேட்டால், ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கெட என்ற பதில். சரி, அப்படியானால் நானும் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னபடி செய்தும் காட்டினேன், பிடிவாதத்தில் நான் அம்மாவுக்குக் குறைந்தவள் இல்லை. இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, விளையாட்டு பீரியடில் கண் இருட்டி விழுந்தேன். தறியைப் போட்டது போட்டபடி அம்மா பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தாள்.

“ஏட்டி, தல ரொம்ப வலிக்கா?”

“ஒனக்கு வலிக்க மாதிரியே வலிக்கு.”

அம்மா அழுதுவிட்டாள். நாளையிலிருந்து குடிக்கிறேன் என்று என் தலையில் கைவைத்துச் சொன்னாள்.

மறுநாள் குடித்தாள். பள்ளி விடுமுறை என்பதால் மதியச் சாப்பாட்டை நான்தான் கொண்டுபோனேன். நான் செட்டு வாசலுக்குப் போனபோது அம்மா தறியை நிறுத்திவிட்டு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இது மூன்றாவது தடவையாம். முதலாளி வழியை மறித்து, இப்படித் தறியை நிறுத்திவிட்டு ஊர் சுற்றுவதாக இருந்தால் இனி வேலைக்கே வரவேண்டாம் என்றார். எங்கள் வீட்டுச் சோற்றில் பாதி அந்தத் தறியிலிருந்துதான் வந்தது. உள்ளே தறி ஓட்டிக்கொண்டிருந்த ஆண்கள் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா நிமிர்ந்து நின்றாள்.

“தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும் அண்ணாச்சி. ஆம்பளையெல்லாம் செவத்தோரம் போயிருதாவ. நான் வீட்டுக்குத்தான் போவணும். தறி நிக்கக் கூடாதுன்னா இங்கன ஒரு கக்கூஸ் கட்டுங்க. அதுவரைக்கும் நான் குடிப்பேன், போவேன்.”

சொல்லிவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அங்கே வேலை பார்த்த மற்ற மூன்று பெண்களும் தங்கள் தறிகளை நிறுத்தினார்கள். நான்கு தறி நின்றால் எந்த முதலாளிக்குத்தான் தாங்கும்? திட்டிக்கொண்டே ஒரு மாதத்துக்குள் தகரக் கூரை போட்டு ஒரு கக்கூஸ் கட்டிக்கொடுத்தார். தலைவலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. தென்காசிக்கு இன்னும் சில தடவை போனோம். ஆனால் துண்டு கட்டிப் படுக்கிற சாயங்காலங்கள் குறைந்தன. அம்மாவைக் குணமாக்கியது என் தண்ணீர் குடிக்காத போராட்டம்தான் என்று நான் வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

இன்று வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் பாத்ரூம் எங்கே என்று நாலு பேர் இருக்கும்போதே சத்தமாகக் கேட்கிறேன். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். ஆனால் அன்று செட்டு வாசலில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அத்தனை ஆண்கள் முன்னால் அம்மா அந்த வார்த்தையைச் சொன்னதும், தூக்குவாளியோடு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவள் மகள் என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதென்று பத்தடி பின்னால் தள்ளியே வீட்டுக்கு நடந்தேன். தெருமுனை வரைக்கும்கூட என்னால் தாங்க முடியாத அந்த வெட்கத்தைச் சுமந்துகொண்டுதான், அம்மா நான் பிறப்பதற்கு முன்பிருந்தே செட்டில் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.