மேசையின் மறுமுனை

ஹாலிஎலவில் தேயிலை பொதி செய்யும் சிறிய கூடமொன்றில், வீண் வேலையைக் குறைக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க என்னை அனுப்பியிருந்தார்கள். நிறுக்கும் மேசையிலிருந்து ஒட்டும் மேசைக்குப் பெட்டி சுமப்பவர் ஒருவர் அங்கே இருந்தார். ஒல்லியான மனிதர். ஒவ்வொரு பெட்டியையும் இறக்கியதும் தோளிலிருந்த சாக்கை நான்காக மடித்துப் போட்டுக்கொள்வார். நான் பின்னால் நடந்து அவருடைய அடிகளை எண்ணினேன்.

"இருபத்தேழுங்க," என்றார் திரும்பாமலே. "அந்த மேசைய இங்கிட்டுப் போட்டா நடக்கவே வேணாம்."

"இத முன்னமே ஏன் சொல்லலீங்க?"

"சொன்னா எனக்கு வேல ஏதுங்க?"

"அப்ப இன்னிக்கு மட்டும்?"

"நீங்க எண்ண ஆரம்பிச்சிட்டீங்களே. தப்பா எழுதிறக் கூடாதுங்க."

பின்னேரம் மேசையை நகர்த்தினோம். மறுமுனையைப் பிடித்தவர் அவர்தான். அங்கே அவர் கடைசியாகத் தூக்கிய சுமை அது. அதை இறக்கிய பிறகும் சாக்கை நான்காகத்தான் மடித்தார்.