கத்தரிச்செடிக்கு மல்லிகை ஆகாது

எங்கள் ஆய்வகத்தில் கத்தரிச்செடிகள் எங்களைவிடச் சொகுசாக இருந்தன. அவற்றுக்கு ஏசி; எங்களுக்குக் கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறி. அந்த ஏசி அறையில் பாதி நாள் குடியிருந்தவர் எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவி, சௌராஷ்டிரா வீட்டுப் பெண். நான் அக்கா என்பேன்.

புழு கடித்தால் செடி ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அதைக் காற்றில் பரவும் வாசனையாக மாற்ற ஒரு நொதி இருக்கிறது. பக்கத்துச் செடிகள் அந்த வாசனையை உணர்ந்து தற்காப்புக்குத் தயாராகிவிடும். என்றோ ஒரு காலத்தில் அந்த நொதியின் மரபணு இரண்டு பிரதியாகிவிட்டது. இட்லிக்கடையை மூத்தவன் பார்த்துக்கொள்ள, இளையவன் பக்கத்திலேயே பரோட்டாக் கல் போட்ட கதைதான். இளையவன், அதாவது இரண்டாம் பிரதி, புழு கடித்தால் மட்டுமே விழிப்பான், மற்ற நேரம் தூங்குவான் என்று அக்கா நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால்தான் பட்டம். கெடு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

இளையவனோ தூங்கவே இல்லை. புழுவே அண்டாத செடிகளிலும் கொட்டக் கொட்ட விழித்திருந்தான். அக்கா விதையை மாற்றினார், மண்ணை மாற்றினார், கடைசியில் என்னைச் சந்தேகப்பட்டார்.

"உள்ள போயி இலையக் கிள்ளினியா?"

"சத்தியமா இல்லக்கா."

பாவமாகத்தான் இருந்தது. சிரிப்பையும் அடக்க முடியவில்லை.

மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறைந்து, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை எகிறியது. தினமும் பூ வாங்கித் தரும் அக்காவின் கணவர் அந்த வாரம் கையை விரித்துவிட்டார்.

"என்னக்கா, தலையில பூவக் காணோம்? வீட்டுல சண்டையா?" என்றேன்.

அக்கா முறைக்கவில்லை. கணினியில் அந்த வாரத்து அளவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளையவன் அசந்து தூங்கியிருந்தான். அவர் கை மெல்லப் பின்னலுக்குப் போனது.

புழு கடித்த செடி காற்றில் விடும் அதே வாசனைப் பொருளுக்கு மல்லிகையின் மணத்திலும் பங்குண்டு. அதைச் செய்யும் நொதிகளும் ஒரே வம்சம். மல்லிகையில் வாசம், கத்தரிக்கு ஆபத்துச் செய்தி.

"இம்புட்டு நாளா பூவ வச்சுக்கிட்டு அதுக முன்னாடியே உக்காந்திருந்தேனே!" என்றார்.

விலை இறங்கிய பிறகும் அக்கா பூ வைக்கவில்லை. மதுரையில் வெள்ளிக்கிழமை வெறுந்தலையோடு வந்தால் சும்மா விடுவார்களா? வாசல் காவலர் தொடங்கி பேராசிரியரின் மனைவி வரை விசாரித்தார்கள். அக்காவின் கணவர் எனக்கே போன் செய்துவிட்டார்.

"எம்மேல எதும் கோவமா இருக்காளா? பூ வாங்கிட்டுப் போனா வேணாங்கிறா."

"கத்தரிச்செடிக்கு ஆகாதுண்ணே," என்றேன். அவர் நம்பவில்லை.

கடைசி இலையையும் அளந்து முடித்தோம். புழு கடித்த செடியில் மட்டும் இளையவன் விழித்திருந்தான். மறுநாள் அக்கா தலை நிறைய மல்லிகையோடு வந்தார். நேராக ஏசி அறைக்குள் போய், மிச்சமிருந்த செடிகளுக்குப் பின்னலைக் காட்டியபடி நின்றார்.

"இப்ப நல்லாப் பயந்துக்கங்க," என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.